வாசிக்காத வரி

மார்ச் 4, செவ்வாய்

புல்வெட்டும் மெஷின் மறுபடியும் பழுது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டுப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மனைவி வதனி வேலைக்குப் போகும்போது, "ஆளைக் கூப்பிட்டு வெட்டுவியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை. நான் கேட்கிற ஆளும் இல்லை.

ஒபிசுக்குப் போய்க் கணினியைத் திறந்தால், குடிவரவு ஆலோசகர்களைக் கண்காணிக்கும் அதிகாரசபையிலிருந்து மின்னஞ்சல். என்மேல் முறைப்பாடு. ஓக்லண்டில் இத்தனை வருடம் லைசன்ஸ் வைத்துத் தொழில் செய்கிறேன், ஒரு சொட்டுக் கறை கிடையாது. முறைப்பாடு செய்தவரின் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. திருமதி தவமலர் புவனேந்திரன். நிரந்தர வதிவிட விசா எடுத்து, மகளோடு கொண்டுவந்து சேர்த்துவைத்தேனே, அதே தவமலர் அக்கா. விசா கிடைக்காதவர்கள் ஆலோசகரைத் திட்டுவது வழக்கம். கிடைத்தவர் திட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவர் சொல்வது இவ்வளவுதான். விண்ணப்பத்தில் அவருடைய கணவர் இறந்துவிட்டதாக நான் எழுதியிருக்கிறேன். கணவர் இறக்கவில்லை, காணாமல் போனவர். போர் முடிந்த அந்த மே மாதத்தில், சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ்ஸில் இவர் கண்முன்னே ஏறிய மனிதர். பதினாறு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

பதினாறு வருடம். இதற்கு மேல் நான் என்ன எழுத?

மார்ச் 6, வியாழன்

இரவுச் சாப்பாட்டில் வதனியிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், ஒன்றுக்கும் பதற மாட்டாள். புட்டைப் பிசைந்தபடி கேட்டாள்.

"இப்ப ஏன் திடீரெண்டு?"

அதுவும் முறைப்பாட்டில் எழுதியிருந்தது. இலவச சட்ட உதவி நிலையம் ஒன்றில் தவமலர் அக்கா போய், கணவர் கிடைத்தால் இங்கே கூப்பிடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்த தமிழ்ப் பிள்ளை விண்ணப்பக் கோப்பை எடுத்து வாசித்துக் காட்டியிருக்கிறது. இறந்துவிட்டார் என்று நாமே எழுதிக் கொடுத்த ஒருவரைப் பிறகு கணவர் என்று கூப்பிடுவது லேசில் நடக்காது.

"அப்ப அந்தாள் வந்தாலும் இங்க வரேலாது" என்றாள் வதனி.

"எந்த ஆள்? பதினாறு வருசமா வராத ஆளோ?"

"எனக்கென்ன தெரியும். அவ அப்பிடித்தானே நினைச்சுக்கொண்டிருக்கிறா" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

நிரோஜினி வந்தாள், தவமலர் அக்காவின் மகள். ஆஸ்பத்திரியில் தாதி. டியூட்டி உடுப்போடேயே வந்திருந்தாள். தாயின் விண்ணப்பத்துக்கு என்னிடம் முதலில் வந்தவள் இவள்தான். தகப்பனைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது, "செத்தவர் எண்டே போடுங்கோ அங்கிள், இல்லாட்டி அவற்ற பொலிஸ் ரிப்போட், மெடிக்கல் எல்லாம் கேப்பாங்கள், எங்க போறது" என்று சொன்னவளும் இவள்தான்.

"அம்மா என்னோட கதைக்கிறேல்லை அங்கிள். சமைச்சு வைக்கிறா, கதைக்கிறேல்லை."

"நீர் அவவுக்கு விளங்கப்படுத்தேல்லையே?"

"என்னத்தை விளங்கப்படுத்த? அப்பா செத்துட்டார் எண்டு அவவுக்கு முன்னால ஆர் சொல்லியிருக்கினம்? ஊரில சொல்லுவினமே? மாமா சொன்னவரோ? ஒருத்தரும் சொல்லேல்லை. நான் மட்டும் சொல்லவோ?"

அது உண்மை. எங்கள் ஆட்களில் ஒருவர் காணாமல் போனால், மனைவி இல்லாத இடத்தில் ஒரு கதையும், மனைவிக்கு முன்னால் இன்னொரு கதையும் நடக்கும். மனைவி பொட்டு வைத்துக்கொண்டு வந்தால் நாங்களும் "அண்ணை வந்த பிறகு" என்றுதான் பேசுவோம். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

போகும்போது நிரோஜினி சொன்னாள்: "நீங்கள் பயப்பிடாதேங்கோ. அம்மாவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினனீங்கள் எண்டு நான் சொல்லுவன். நானும் பக்கத்தில இருந்தனான்தானே."

நான் பயப்படவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

பதில் எழுத உட்கார்ந்தேன். விதி என்ன சொல்கிறது? ஆங்கிலம் தெரியாத கட்சிக்காரருக்கு விண்ணப்பத்தை அவருடைய மொழியில் வாசித்துக்காட்டி, அவர் விளங்கிக்கொண்ட பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். நான் வாசித்துக் காட்டினேன். பெயர், பிறந்த இடம், இருந்த விலாசங்கள், இடம்பெயர்ந்த முகாம்கள், பிள்ளைகள், நோய்கள் என்று பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னேன். முகாம்களின் வரிசையில் ஒன்றை நான் மாற்றிச் சொன்னபோது, "இல்லைத் தம்பி, அதுக்கு முதல் மாத்தளன்" என்று திருத்தினார். அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனுசிக்கு இந்த வரி மட்டும் கேட்கவில்லையாம்.

அன்று வதனி தந்துவிட்ட தேநீரை மூன்று பேருக்கும் ஊற்றினேன். கணவரின் பகுதி வந்தபோது அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவர் வந்தால் உங்களைத்தான் முதல்ல வந்து பாக்கச் சொல்லுவன் தம்பி, இவ்வளவு பாடுபடுறியள்." நான் பக்கத்தைத் திருப்பினேன். பிறகு கையெழுத்து வாங்கினேன்.

இவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது. பதிலில் "கட்சிக்காரர் குறிப்பாக எதுவும் சொன்னதாக நினைவில்லை" என்று எழுதினேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தால் பதில் புராணமாகிவிடும்.

கோப்பில் புவனேந்திரனின் படம் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டைக்கு எடுத்தது. ஒடுங்கிய முகம், இடது புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும். என்னிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவர் போலப் பார்க்கிறார். மூடி வைத்தேன்.

மார்ச் 27, வியாழன்

பதிலை அனுப்பியாயிற்று.

ஏப்ரல் 9, புதன்

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். வதனி என் கொப்பியை வாசிக்கிறவள் அல்ல, எழுதுகிறேன்.

சான்ட்ரிங்கம் தெருக் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் குனிந்து ஒவ்வொரு காயாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, ஒடுங்கிய முகம். நிமிர்ந்தபோது இடது புருவம் ஏறியிருந்தது. படத்தில் உள்ள முகத்துக்குப் பதினாறு வயதைக் கூட்டினால் இந்த முகம்தான் வரும்.

அந்த மனிதர் காசாளரிடம் போக, நானும் பின்னால் போனேன். வெளியே வந்து கார் தரிப்பிடம் வரை போனேன். கையில் காசு கொடுக்காத முருங்கைக்காய். கடைக்காரப் பிள்ளை பின்னால் கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள்.

"புவனேந்திரன்" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பினார். கண்ணியமான மனிதர், குஜராத்திக்காரர். நான் யாரையோ தேடுகிறேன் என்று நினைத்து, உதவி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் ஏன் திரும்பினார் என்றுதான் இப்போதும் யோசிக்கிறேன். பின்னால் சத்தம் கேட்டால் எவரும் திரும்புவார்கள்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று ஒரு திருச்சிப் பையனுக்கு வேலை விசா விண்ணப்பம். நிரப்பி முடித்து வாசித்துக் காட்டினேன். தகப்பன் பெயர் வந்ததும் பையன் சிரித்தான்.

"சார், எங்கப்பா பேரு செல்லமுத்து. புவனேந்திரன் யாரு?"

திரையைப் பார்த்தேன். நான்தான் அடித்திருக்கிறேன். திருத்தினேன். அச்சடித்தபின் கண்டிருந்தால் மானம் போயிருக்கும்.

இப்போதெல்லாம் விண்ணப்பங்களை வாசிக்கும்போது தொண்டையைச் செருமுகிறேன், வரி வரியாக விரல் வைத்து வாசிக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்கிறேன். முன்பு இருபது நிமிடத்தில் முடிகிற வேலை, இப்போது பாதி நாளை விழுங்குகிறது.

மே 18, ஞாயிறு

நினைவு நாள். மண்டபத்தில் விளக்கேற்றும் நிகழ்வு. எனக்குச் சளி, தடிமன் என்று சொல்லிவிட்டேன். வதனி மட்டும் போய்வந்தாள். சேலையை மாற்றாமலே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"தவமலர் அக்கா வந்தவ."

நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் படத்துக்கு முன்னால விளக்கேத்த, அவ ஏத்தேல்லை. கடைசி வரிசையில அவற்ற படத்தை மடியில வச்சுக்கொண்டு இருந்தா. ஒரு பிள்ளை திரியைக் கொண்டுபோய் நீட்டினது. ‘இது செத்தாக்களுக்கு அம்மா, எனக்குத் தேவையில்லை’ எண்டு சொன்னா. கோபமாச் சொல்லேல்லை. தேத்தண்ணி வேண்டாம் எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னா."

"உம்மோட கதைச்சவவோ?"

"உங்கட தடிமனுக்கு ரசம் வச்சுக் குடுக்கச் சொன்னா."

ரசம் வைத்தாள். குடிக்க முடியவில்லை.

ஜூலை 3, வியாழன்

அதிகாரசபை முறைப்பாட்டைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிட்டது. வழமையாக அங்கே கடதாசிகளைப் பார்த்தே முடிவு செய்வார்கள். என் விஷயத்தில் இரு தரப்பையும் நேரில் கேட்க விரும்புகிறார்களாம். ஆகஸ்ட் 12. கோட் சூட்டைத் துவைக்கக் கொடுக்க வேண்டும்.

நிரூபணமானால் லைசன்ஸ் போகும். போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் யார் வேலை தருவார்கள்? ஊபர் ஓட்டலாம். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் என் பழைய கட்சிக்காரர்களாக இருப்பார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

மழை. கூரைப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் சுவரால் வழிகிறது. ஏணியில் ஏறி அள்ளினேன். வதனி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கமுடியாத இடமாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள்.

"இஞ்சருங்கோ, அந்த வரியையும் வாசிச்சனீங்களே?"

"முழுக்க வாசிச்சனான்."

"முழுக்க எண்டு கேக்கேல்லை. அந்த வரி."

"வதனி, நான் உண்மை பொய் பார்த்துக்கொண்டிருந்தால் அவவின்ர விசாவுக்கே ஆபத்து. பொய்த் தகவல் குடுத்து எடுத்த விசா எண்டு அவையள் கிளறத் தொடங்கினால் மனுசியைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்கள். நான் அவவுக்காகவும்தான் பாக்கிறன்."

"அது அவவுக்குத் தெரியாதே? தெரிஞ்சுதான் கேக்கிறா. தான் போனாலும் பரவாயில்லை, அவர் உயிரோட இருக்கவேணும் எண்டு கேக்கிறா."

பீலியில் மிச்சத்தையும் அள்ளினேன். கையில் அழுகிய இலைகள். இறங்கி வந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல்தான் இறங்கியிருக்கிறேன், அது கூடத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

சிறிய அறை. தலைவி நரைத்த தலை அம்மா, பொறுமையான குரல். மொழிபெயர்ப்பாளர் வேறு நகரத்திலிருந்து தொலைபேசியில். மேசைக்கு அந்தப் பக்கம் தவமலர் அக்கா, நீலச் சேலை, மேலே தடித்த கம்பளிச் சட்டை. என்னைக் கண்டதும், பழக்கத்தில், தலையை ஆட்டிச் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

நிரோஜினி முதலில் சாட்சி சொன்னாள். அங்கிள் எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார், அம்மா தலையாட்டினார். தாயின் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

பிறகு நான். ஒவ்வொரு வரியையும் அவருடைய மொழியில் வாசித்தீர்களா? வாசித்தேன். இந்த வரியையும்? இதையும்தான்.

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எந்தச் சொற்களில் சொன்னீர்கள், அதே சொற்களைத் தமிழில் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொல்லட்டும் என்றார்.

நான் அக்காவைப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு எங்கே பார்த்து அதைச் சொல்வது?

"உங்கட கணவர் புவனேந்திரன் இறந்துட்டார் எண்டு இதில எழுதியிருக்கிறன் அக்கா."

தொலைபேசியில் அந்த மொழிபெயர்ப்பாளப் பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். தவமலர் அக்கா இரண்டு கைகளையும் மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தே சொன்னார்.

"இந்தச் சொல்லை நான் இண்டைக்குத்தான் முதல்முதலாக் கேக்கிறன். பதினாறு வருசத்தில ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. தம்பியும் சொன்னதில்லை."

மொழிபெயர்த்தார்கள். தலைவி குறித்துக்கொண்டார்.

ஒரு வரி. முப்பது பக்கத்தில் ஒரே ஒரு வரி. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் வந்தால் உங்களைத்தான் வந்து பார்ப்பார் என்று சொல்கிற மனுசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எவன் அதை வாசிப்பான்? தலைவியால் முடியுமா? சட்டம் எழுதியவர்களால் முடியுமா?

வெளியே நிரோஜினி காருக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். தாய் பஸ்ஸில் போய்விட்டாராம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

புதுப் புல்வெட்டி வாங்கினேன். மின்சாரத்தில் ஓடுவது, சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால் பின்னால் யாரோ நடந்து வருவது போல் இருந்துகொண்டே இருக்கிறது. நாலைந்து தரம் திரும்பிப் பார்த்தேன். அயல்வீட்டு வெள்ளைக்காரர் கையைக் காட்டினார், நானும் காட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

முடிவு வந்தது. முறைப்பாடு தள்ளுபடி.

இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்ததில், ஆலோசகர் வாசித்துக் காட்டினார் என்பதே நம்பத்தக்கதாக இருக்கிறது. மகளின் சாட்சியமும் அதற்கு இசைகிறது. முறைப்பாட்டாளரின் நீண்டகாலத் துயரம் அவருடைய நினைவைப் பாதித்திருக்கலாம். விசாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆக, ஒருவருக்கும் நட்டமில்லை.

வதனிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நல்லது" என்றாள். வேலை இடத்தில் ஆட்கள் நின்றிருப்பார்கள்.

இரவுக்கு ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு போனேன். அவள் தனக்கு விரதம் என்றாள். இன்று என்ன விரதம் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தவமலர் அக்கா ஒபிசுக்கு வந்தார்.

காலை, நல்ல வெயில். முன்னறிவிப்பு இல்லை. செருப்பைக் கதவடியில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், இங்கே ஒருவரும் அப்படிச் செய்வதில்லை. நான் எழுந்து நின்றேன்.

"இருங்கோ தம்பி. சண்டைக்கு வரேல்லை."

உட்கார்ந்தோம். தேநீர் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையால் காட்டினார்.

"அவையள் படிச்ச ஆக்கள். எல்லாம் விசாரிச்சு, நீங்கள் சொன்னதுதான் சரியெண்டு எழுதிப்போட்டினம். அப்ப நீங்கள் ஏதோ அறிஞ்சுதான் எழுதியிருக்கிறியள். நான்தான் அறியாமல் இருந்திட்டன் போல."

"அக்கா, அது..."

"இல்லை, நான் குறை சொல்லேல்லை. செத்தவர் எண்டால் திவசம் செய்யவேணும். இவ்வளவு வருசமும் அந்தாள் பட்டினியாக் கிடந்திருக்கும். ஐயரைக் கேட்டனான், திதி பாக்க நாள் வேணுமாம். என்ன நாள் தம்பி?"

விண்ணப்பத்தில் திகதிக்கு ஒரு கட்டம் இருந்தது. வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. எல்லோருக்கும் பொதுவான நாளைப் போட்டிருந்தேன்.

"மே பதினெட்டு அக்கா."

"அண்டைக்குப் பகல்தானே பஸ்ஸில ஏறினவர். அப்ப, கொண்டுபோன உடனயோ?"

"ஓம் அக்கா. கன நேரம் இல்லை."

அவர் தலையாட்டினார். ஒவ்வொன்றையும் மனதில் வைத்துக்கொள்வது தெரிந்தது. பிறகு கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து, மெல்லக் கேட்டார்.

"கஷ்டப்பட்டவரோ?"

இந்த மனுசியிடம் வேறு என்ன சொல்வது? யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"இல்லை அக்கா. ஒண்டும் தெரிஞ்சிராது. நித்திரையில போன மாதிரித்தான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

"அவருக்குத் தொடையில செல் துண்டு, தம்பி. மூண்டு நாளா மருந்தில்லை, புழு வைச்சிட்டுது. ரெண்டு பேர் தூக்கித்தான் பஸ்ஸில ஏத்தினவை. அவர் கத்தின சத்தம் இப்பவும் என்ர காதில நிக்குது. பஸ் திரும்பி மறையுமட்டும் கத்தினவர். நித்திரையில போன மாதிரிப் போன ஆள் ஆரோ வேற ஆள். பாவம், அது ஆரின்ர பிள்ளையோ. அவரில்லை."

எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். வதனியைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். கதவடியில் செருப்பைப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"அவர் வந்தால் நேரா இங்கதான் கூட்டிக்கொண்டு வருவன். நீங்கள்தானே எழுதினது. அவரை முன்னால இருத்தி வச்சு, நீங்கள்தான் அந்த வரியை வெட்டித் தரவேணும்."

சந்தோஷமாகப் போனார். கண்ணாடி வழியே பார்த்தேன், பஸ் தரிப்பில் பக்கத்தில் இருந்த சீனக் கிழவிக்கு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு வரவேண்டிய ஆட்களை நாளைக்கு வரச்சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டப்பகலில் ஒபிஸ் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.